கீழக்குயில்குடியில் மலையைப் பார்த்துவிட்டு ஊரையும் கேட்டுவிட்டு வாருங்கள்

சமணர் மலைக்குப் போய்வந்து படம் போட்டவர்கள் நிறையப் பேர். அந்த அடிவாரத்து ஊரில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தவர்கள் குறைவு. அதனால்தான் இதை எழுதத் தோன்றியது.

மதுரைக்கு மேற்கே, நாகமலைப் புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது ஊர். தாமரைக் குளம், பெரிய ஆலமரங்கள், கருப்பசாமி கோயில், பின்னால் மொட்டைப் பாறையாக மலை. வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள்; பாறை சுட ஆரம்பித்தால் கால் வைக்க முடியாது. படி ஏறினால் பேச்சிப்பள்ளம். அங்கே ஒரு சுனை, அதை ஒட்டிய பாறையில் வரிசையாக எட்டுச் சமணச் சிற்பங்கள். பாகுபலியின் காலைச் சுற்றிக் கொடி படர்ந்திருக்கிறது. பார்சுவநாதருக்கு மேலே நாகம் படம் விரித்து நிற்கிறது. ஒரு சிற்பத்தின் கீழே வட்டெழுத்தில், அச்சணந்தியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி என்று வெட்டியிருக்கிறார்கள். மதுரையைச் சுற்றிப் பல மலைகளில் அச்சணந்தி என்ற துறவியின் பெயர் உண்டு. இங்கே அவருடைய அம்மாவின் பெயர் இருக்கிறது! துறவியாகப் போன மகனின் பெயரோடு தன் பெயரையும் சேர்த்துப் பாறையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்த இடத்தைவிட்டு நகரவே மனசு வரவில்லை.

இன்னும் மேலே மாதேவிப் பெரும்பள்ளி என்ற சமண வழிபாட்டிடத்தின் அடித்தளம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. 9ஆம் நூற்றாண்டில் பாண்டியன் பராந்தக வீரநாராயணன் காலத்தில் எழுந்த பள்ளி அது. மலையின் இன்னொரு பக்கம் செட்டிப்புடவு. காது நீண்டு தொங்கும் தீர்த்தங்கரர், அதாவது சமணப் பெருங்குரு, அங்கே உட்கார்ந்திருக்கிறார். ஊர்க்காரர்களுக்கு அவர் செட்டியார்.

இறங்கி வந்து ஆலமரத்தடியில் உட்கார்ந்தபோது, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியம்மா கேட்டார்: "செட்டியாரப் பாத்தாச்சாய்யா?"

"பாத்தாச்சு பெரியம்மா. நீங்க இந்த ஊரா?"

"பொறந்தது, வாக்கப்பட்டது எல்லாம் இங்கதான். எங்கய்யா ராத்திரி வீட்டுல படுத்ததே இல்லையாம். கச்சேரியிலதான் படுக்கணுமாம்."

கச்சேரி என்றால் காவல் நிலையம். அவர் சொன்னது ரேகைச் சட்டம், அதாவது குற்றப் பரம்பரைச் சட்டம், இருந்த காலம். பள்ளிக்கூடத்தில் எனக்கு யாரும் இதைச் சொல்லித் தந்ததில்லை. ஒரு சமூகத்தையே பிறப்பால் குற்றவாளிகள் என்று முத்திரை குத்திய குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ், 1914இல் கீழக்குயில்குடிப் பிரமலைக் கள்ளர்களைத்தான் ஆங்கிலேய அரசு முதலில் கொண்டுவந்தது. வயது வந்த ஆண்களின் கைரேகையைப் பதிந்தார்கள். ராத்திரி காவல் நிலையத்தில் போய்ப் படுக்க வேண்டும். வெளியூர் போக ராத்தாரிச் சீட்டு என்ற அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். அப்புறம் ஊர் ஊராக இது பரவியது. எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3ஆம் தேதி போலீஸ் சுட்டதில் 16 பேர் இறந்தார்கள். சென்னை மாகாணத்தில் சட்டம் ஒழிந்தது 1947இல்.

சிற்பங்களைப் பற்றி எழுத ஆய்வாளர்கள் இருக்கிறார்கள், கல்லும் இருக்கிறது. கச்சேரியில் படுத்து எழுந்தவர்களின் கதை வீட்டுப் பெரியவர்களின் நினைவில்தான் இருக்கிறது. அந்தப் பெரியம்மாவுக்கே எண்பது தாண்டியிருக்கும்.

உங்களில் யாருக்காவது உசிலம்பட்டி, திருமங்கலம், செக்கானூரணிப் பக்கம் சொந்தம் இருந்தால், தாத்தா பாட்டி சொன்ன ராத்தாரிச் சீட்டுக் கதைகளைக் கேட்டு எழுதுங்கள். பழைய சீட்டு எந்தப் பெட்டியிலாவது கிடந்தால் தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.