பழைய ட்ரைட்டன், மேட்டில் கரும்புகை: ஈ.ஜி.ஆரை அடைக்கலாமா?

குலைவண்டி (குவாலா கெட்டில்):
வணக்கம் அண்ணன்மார்களே. அப்பாவோட 2009 மிட்சுபிஷி ட்ரைட்டன் பிக்கப், 2.5 டர்போ டீசல், மேனுவல். எங்க சின்னத் தோட்டத்துச் செம்பனைக் குலையை, குலை வாங்குற சென்டருக்கு ஏத்திட்டுப் போற வண்டி. வெறும் வண்டியா ஓட்டினா குறையே தெரியாது. குலை ஏத்தி பாலிங் ரோட்டு மேட்டுல மூணாவது கியர்ல மிதிச்சா இழுவை செத்துப் போகுது, பின்னால வர்ற மோட்டார்காரருக்கு ரோடே தெரியாத அளவுக்குக் கரும்புகை. மிதிக்கும்போது எங்கேயோ ‘உஸ்’னு ஒரு சத்தமும் கேக்குது. டீசலும் நிறைய குடிக்குது. 2024 ஜூன்ல லிட்டர் 2.15 வெள்ளியில இருந்து 3.35க்கு ஒரே ராத்திரியில ஏறினதுக்கு அப்புறம் டீசல் விஷயத்துல அப்பா ரொம்பக் கவனமா இருக்காரு. எஞ்சின் விளக்கு எரியல.

டவுன்ல ஒரு ஃபோர்மேன் (மெக்கானிக்) பாத்துட்டு, ஈ.ஜி.ஆருக்கு, அதான் புகையில கொஞ்சத்தை மறுபடி எஞ்சினுக்குள்ள விடுற வால்வுக்கு, தகடு வெச்சு அடைச்சிடலாம், புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக்கை எடுத்துட்டு நேர் பைப் போடலாம், பெட்டி இல்லாத ஓப்பன் ஏர் ஃபில்டர் மாட்டி, எஞ்சின் கம்ப்யூட்டர் செட்டிங்கை மாத்தி ரீமேப் பண்ணிடலாம், எல்லாம் சேத்து 2,800 வெள்ளின்னு சொல்றாரு. அப்பா யோசிக்கிறாரு. செய்யலாமா?

நாலுசக்கரம்:
தாராளமா அடைங்க தம்பி. நான் அடைச்சு ரொம்ப நாளாச்சு, ஒரு பிரச்சினையும் இல்ல. சொந்தப் புகையையே மூச்சா இழுக்கிற எஞ்சின் எப்படி நல்லா ஓடும்?

பழைய ஃபோர்மேன்:
தம்பி, பணத்தைக் கொடுத்துடாதீங்க. முதல்ல நான் சொல்றதைப் பாருங்க.

டீசல்ல கரும்புகைன்னா, உள்ள போன டீசலுக்கு ஏத்த காத்து இல்லன்னு அர்த்தம். நீலப்புகைன்னா எண்ணெய் எரியுது. வெள்ளைப்புகைன்னா எரியாத டீசல், இல்லன்னா ரேடியேட்டர் தண்ணி. உங்களுக்குக் கருப்பு, அதுவும் பாரம் ஏத்தி மிதிக்கிறப்ப மட்டும். அப்போ காத்து எங்க போச்சுன்னுதான் தேடணும்.

ஈ.ஜி.ஆர் எதுக்குன்னு தெரிஞ்சுக்குங்க. கொஞ்சம் புகையை மறுபடி உள்ளே விட்டா எரியிற சூடு குறையும், நைட்ரஜன் ஆக்சைடு குறைவா வரும். இந்த வேலையெல்லாம் மெதுவா, ஒரே சீரா ஓட்டும்போதுதான். மேட்டுல முழுசா மிதிக்கும்போது கம்ப்யூட்டரே அந்த வால்வை மூடிடும். வால்வு நல்லா இருந்தா, தகடு போட்டு உங்களுக்கு மேட்டுல ஒண்ணும் கிடைக்காது. கரி பிடிச்சுத் திறந்தபடியே மாட்டிக்கிட்டிருந்தா மட்டும்தான் அது புகைக்குக் காரணமாகும். அப்பவும் அதுக்கு வைத்தியம் சுத்தம் பண்றதுதான். அடைச்சீங்கன்னா இன்னொண்ணும் நடக்கும். ஈ.ஜி.ஆர் திறந்தா, உள்ள வர்ற காத்தை அளக்கிற ஏர்ஃப்ளோ சென்சார் வழியா வர்ற புதுக்காத்து குறையணும். குறையலன்னா கம்ப்யூட்டர் கண்டுபிடிச்சு பி0401னு கோளாறு கோடு போட்டு விளக்கை எரிய விடும். அதை மறைக்க ரீமேப், அதுக்கு மேல செலவு.

உங்க வண்டியில நான் முதல்ல சந்தேகப்படுறது டர்போவுக்கும், அது அமுக்கி அனுப்புற காத்தைக் குளிர வைக்கிற இன்டர்கூலருக்கும் நடுவுல இருக்கிற ரப்பர் ஓஸ். சென்சார் எண்ணிட்ட காத்து வழியில கசிஞ்சிடும். கம்ப்யூட்டருக்கு அது தெரியாது, முழுக் காத்துக்கும் உண்டான டீசலை ஊத்தும். அதான் புகை, அதான் இழுவை இல்ல, அதான் அந்த ‘உஸ்’ சத்தம். ஓஸ் கழுத்துல எண்ணெய்ப் பிசுக்குல செம்மண் ஒட்டி ஈரமா இருந்தா அங்கதான் கசிவு. சந்தேகமா இருந்தா டர்போ வாய்ல அடைப்பான் போட்டு 10 முதல் 15 பி.எஸ்.ஐ வரைக்கும் காத்து விட்டு, சவுக்காரத் தண்ணி தெளிங்க. அதுக்கு மேல காத்து விடாதீங்க.

ஓப்பன் ஃபில்டரைப் பத்தி ஒரே வார்த்தை: தோட்டத்து ரோட்டுக்கு வேண்டாம். எஞ்சின் சூட்டுக் காத்தைத்தான் இழுக்கும், செம்மண் தூசு உள்ள போய் டர்போ இறக்கையைத் தேய்க்கும், ஃபில்டர்ல தடவுற எண்ணெய் சென்சார் கம்பியில படியும். பழைய பெட்டியிலயே புது பேப்பர் ஃபில்டர் போடுங்க.

லோரிக்காரன், லூனாஸ்:
சட்டப் பக்கத்தையும் பாத்துக்குங்க. 1996ல வந்த டீசல் புகை விதிப்படி அதிகபட்ச அளவு 50 ஹார்ட்ரிட்ஜ், அது புகை எவ்வளவு அடர்த்தின்னு அளக்கிற அலகு. என் லோரியை வண்டிப் பரிசோதனைக்கு புஸ்பகோம் கொண்டு போறப்ப, கியர் போடாம முழுசா மிதிக்கச் சொல்லி பைப்புல குழாய் விட்டு அளப்பாங்க. சுற்றுச்சூழல் இலாகாவும் ரோட்டுல நிறுத்தி அளக்கலாம். கேட்டலிட்டிக்கை எடுத்துட்டா புகை நாத்தம் கூடும். நம்ம தோட்ட லயத்துப் பிள்ளைங்க ஸ்கூல் பஸ்ஸுக்கு நிக்கிற இடத்துலதான் நாம கியர் மாத்தி மிதிக்கிறோம். அதை நினைச்சாவது அந்தப் பைப்புல கை வைக்காதீங்க தம்பி.

நாலுசக்கரம்:
அண்ணே, எல்லாருக்கும் கேட்டலிட்டிக் நல்லா இருக்காது. அடைச்சுப் போயிருந்தா?

பழைய ஃபோர்மேன்:
அடைச்சிருக்கலாம், அதையும் அளந்து பாக்கணும். கழட்டி விளக்கு வெச்சுப் பாத்தா, அடைப்பு இல்லன்னா ஓட்டை வழியா வெளிச்சம் தெரியும். அடைப்புன்னா மாத்து, அதுக்காக வெட்டிப் போடாதே.

குலைவண்டி:
அண்ணே, நேத்து சாயங்காலம் அப்பாவும் நானும் பாத்தோம். நீங்க சொன்னது அப்படியே இருந்துச்சு. டர்போவுல இருந்து மேல இன்டர்கூலருக்கு ஏறுற ஓஸ்ல, கிளாம்புக்கு அடியில, உள்மடிப்புல விரல் நீளத்துக்குக் கிழிசல். கிளாம்பு மறைச்சதால வெளியில இருந்து தெரியவே தெரியாது. கையால மடிச்சா வாய் திறக்குது. சுத்திலும் கரும்பிசின் மாதிரி எண்ணெய். புது ஓஸ் மாட்டி, அதே பாரத்தோட அதே மேட்டுல ஏறினோம், மூணாவது கியர்லயே இழுத்துச்சு. சத்தம் நின்னுடுச்சு. புகை நல்லாக் குறைஞ்சிடுச்சு, ஆனா மிதிச்ச உடனே கொஞ்சம் கருப்பு இன்னும் வருது.

பழைய ஃபோர்மேன்:
ரொம்ப சந்தோஷம் தம்பி. மிச்சப் புகைக்கு இப்போ ஈ.ஜி.ஆர் வால்வையும், எஞ்சினுக்குள்ள காத்து போற இன்டேக் மேனிஃபோல்டையும் கழட்டிப் பாருங்க. புகையில வர்ற கரியும் எஞ்சின் மூச்சுக்குழாய்ல வர்ற எண்ணெய் ஆவியும் சேந்து தார் மாதிரி பிடிச்சிருக்கும். கழட்டித்தான் சுத்தம் பண்ணணும். ஓடுற எஞ்சினுக்குள்ள ஸ்ப்ரே அடிக்கச் சொல்வாங்க, கேக்காதீங்க. கட்டி உடைஞ்சு உள்ள போகும், சில நேரம் அந்தத் திரவத்தையே எரிச்சு எஞ்சின் கட்டுக்கு அடங்காம ஓடிடும். திரும்ப மாட்டும்போது கேஸ்கெட் புதுசா போடுங்க.

ஏர்ஃப்ளோ சென்சாருக்கு அதுக்குன்னு விக்கிற கிளீனர் மட்டும். கார்பரேட்டர் கிளீனர் படக்கூடாது, கம்பியைத் துணியால தொடக்கூடாது.

குலைவண்டி:
சரிண்ணே. டீசல் ஃபில்டரை எப்ப மாத்தணும்? இங்க பங்குல பி10தான்.

லோரிக்காரன், லூனாஸ்:
பி10ன்னா அந்த டீசல்ல பத்து சதவீதம் நம்ம செம்பனை எண்ணெயில வந்ததுதான். அது தண்ணியை இழுத்து வெச்சுக்கும், பழைய டேங்குல படிஞ்ச அழுக்கையும் கரைச்சுக் கொண்டு வரும். புத்தகத்துல போட்டிருக்கிறதுக்கு முன்னாடியே மாத்துங்க, ஃபில்டர் அடியில இருக்கிற திருகைத் திறந்து தண்ணியை அப்பப்ப வடிச்சு விடுங்க.

பழைய ஃபோர்மேன்:
ஓஸ்ல அவ்வளவு எண்ணெய் இருந்துச்சுன்னு சொன்னீங்க. கொஞ்சம் இருக்கிறது சகஜம். ஆனா டர்போவையும் ஒருதரம் பாத்துடுங்க. எஞ்சின் ஆறின பிறகு முன்பைப்பைக் கழட்டி, இறக்கையைப் பிடிச்சு மேலும் கீழும், முன்னும் பின்னும் ஆட்டுங்க. பக்கவாட்டுல ஒரு மயிரிழை ஆட்டம் இருக்கலாம். உள்ள தள்ளினா அசையுதா, இறக்கை கூட்டுல உரசின தடம் இருக்கான்னு போட்டோ எடுத்துப் போடுங்க. அது தெரியாம ரீமேப் பேச்சை எடுக்கவே வேண்டாம்.