அறுவைக்குப் பிறகும் சி.இ.ஏ. பார்க்கத்தான் வேண்டுமா?

கோத்தகிரி மகன்:
அப்பாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய், மூன்றாம் நிலை. கட்டியை அகற்றி ஒன்றரை ஆண்டு ஆகிறது. நோய் திரும்பினால் ஏறக்கூடிய சி.இ.ஏ. என்ற புரதத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்தத்தில் பார்க்கிறோம். இதுவரை 2-ஐத் தாண்டியதில்லை. இந்த முறை 6.4. ஐந்துக்குள் இருக்க வேண்டுமாம். உடனே கோவைக்கு அழைத்துப்போய் ஸ்கேன் எடுப்பதா? அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறார். இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

குன்னூர் தேயிலை:
தம்பி, இந்த எண்ணைத் துரத்துவதையே விட்டுவிடுங்கள். இங்கிலாந்தில் 39 மருத்துவமனைகளில் 1,202 பேரைத் தொடர்ந்து பார்த்து 2014-ல் முடிவை வெளியிட்டார்கள். சி.இ.ஏ., ஸ்கேன் என்று கண்காணித்தவர்களிடமும், பெரும்பாலும் அறிகுறி வந்தால் மட்டும் பார்த்தவர்களிடமும் இறப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. என் மனைவி நான்கு ஆண்டுகள் இந்தச் சோதனைக்கு முந்தைய இரவெல்லாம் தூங்காமல் அடுப்படியிலேயே உட்கார்ந்திருப்பாள். அந்த இரவுகளை யார் கணக்கில் எடுத்தார்கள்?

ஊட்டி ஆய்வகம்:
ஐயா, அதே ஆய்வின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். திரும்பி வந்த நோயைக் குணப்படுத்தும் நோக்கத்தோடு அறுவை செய்ய முடிந்தவர்கள் குறைந்த கண்காணிப்புக் குழுவில் 2.3 சதவீதம், சி.இ.ஏ. பார்த்த குழுவில் 6.7. கல்லீரலில் ஓரிரு கட்டிகளாக இருக்கும்போதே பிடித்தால் வெட்டியெடுக்க வழியுண்டு.
தம்பி, அப்பா புகைப்பவரா? புகைத்தாலும் கல்லீரல் அழற்சி இருந்தாலும் இது ஏறும். எப்போதும் பார்க்கும் ஆய்வகத்தில்தான் பார்த்தீர்களா?

கோத்தகிரி மகன்:
பீடியை விட்டுவிட்டார். வழக்கமாகக் கோவையில் பார்ப்போம். இந்த முறை மழையில் மண் சரிந்ததால் இங்கேயே கொடுத்தோம்.

ஊட்டி ஆய்வகம்:
ஆய்வகமும் கருவியும் மாறினால் எண்ணும் மாறும். கோவையிலேயே மறுபடி பாருங்கள். அங்கும் ஏறியிருந்தால் ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள்.

குன்னூர் தேயிலை:
அறுவை நடந்தது என்பது ஆயுள் நீண்டது என்பதாகாது. என் கேள்வி அப்படியே நிற்கிறது.

கூடலூர் செவிலி:
இருவரும் இரத்தத்தையே பேசுகிறீர்கள். வெட்டியெடுத்த கட்டியில் எம்எல்எச்1, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6, பிஎம்எஸ்2 என்ற நான்கு புரதங்களைப் பார்த்தார்களா? டி.என்.ஏ.வை நகலெடுக்கும்போது நேரும் பிழைகளைத் திருத்துபவை இவை. ஏறத்தாழ 15 சதவீதக் கட்டிகளில் இந்தத் திருத்தம் பழுதாகியிருக்கும். பழுதுள்ளவர்கள் இரண்டாம் நிலையில் மற்றவர்களைவிட நன்றாகப் பிழைக்கிறார்கள். நோய் பரவிவிட்டாலும் அவர்களுக்குப் பெம்ப்ரோலிசுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்து கீமோவைவிட நெடுநாள் நோயைக் கட்டுப்படுத்தும் என்று 2020-ல் தெரியவந்தது. பழுது பரம்பரையாக வந்திருந்தால், தம்பி, நீங்களும் கொலோனோஸ்கோபி (குழாய்க் கேமராவால் பெருங்குடலைப் பார்ப்பது) செய்துகொள்ள வேண்டும். இதற்கு அப்பா மலையிறங்க வேண்டாம். மெழுகில் பதித்து வைத்திருக்கும் திசு போதும்.

ஊட்டி ஆய்வகம்:
அக்கா சொல்வது சரி. ஆனால் நோய் திரும்பிவிட்டதா என்பதை அந்தத் திசு சொல்லாது. இரண்டும் வேண்டும்.

குன்னூர் தேயிலை:
திசுவைப் பாருங்கள், நானும் ஒப்புக்கொள்கிறேன். இரத்தத்துக்கு மட்டும் முதலில் அப்பாவிடம் கேளுங்கள்.

கோத்தகிரி மகன்:
கேட்டேன் அண்ணா. "தெரியாமல் இருப்பதுதான் சோற்றை இறங்கவிடவில்லை" என்றார். காலை முதல் பஸ்ஸில் கிளம்புகிறோம். பழைய அறிக்கையில் அந்த நான்கு பெயர்களும் இல்லை. திசுவைப் பற்றியும் கேட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.