பவர் −6.50, கார்னியா 502 மைக்ரான்: லேசிக் பண்ணலாமா?

தென்றல்22:
தங்கச்சிக்கு 22 வயசு. லேசிக் (கார்னியாங்கிற கண்ணோட முன்பக்கப் படலத்தை லேசரால செதுக்கிப் பவரை எடுக்கிறது) பண்ணலாமான்னு பார்க்கறோம். வலது கண் −6.50, சிலிண்டர் (ஒரு திசையில மட்டும் கூடுதலா இருக்கிற பவர்) −1.00. இடது −6.00. ஒரு வருஷமா பவர் மாறல. சாஃப்ட் லென்ஸ் போடுவா, ஸ்கேனுக்கு முந்தின நாள் வரைக்கும் போட்டிருந்தா. வலது கார்னியா தடிமன் 502 மைக்ரான். "500க்கு மேல இருக்கு, தாராளமா பண்ணலாம்"னு ஒரு இடத்துல சொல்றாங்க, இன்னொரு இடத்துல வேணாங்கறாங்க. யார் சொல்றது சரி?

விழித்திரை:
500ங்கிற எண்ணை மட்டும் வெச்சு முடிவு பண்ண முடியாது. கழிச்சுப் பாருங்க. சிலிண்டரையும் சேர்த்தா வலது கண்ணுல ஒரு திசையில 7.5 பவர் எடுக்கணும். 6.5 மி.மீ. வட்டத்துல ஒரு பவருக்குச் சுமார் 14 மைக்ரான் செதுக்கணும், ஆக 105. ஃபிளாப் (செதுக்கறதுக்கு முன்னாடி மூடி மாதிரி திறக்கிற மேல் அடுக்கு) 110. அடியில மிஞ்சறது 287. குறைஞ்சது 250 வேணும்ங்கிற பழைய கணக்குப்படி பாஸ்.

ஆனா ஃபிளாப்பும் செதுக்கினதும் சேர்ந்து 215. 502ல அது கிட்டத்தட்ட 43 சதவீதம். 40 தாண்டினா, பிற்காலத்துல கார்னியா பலம் இழந்து புடைக்கிற அபாயம் கூடும். ஒருத்தர் 287ஐப் பார்த்திருப்பார், இன்னொருத்தர் 43ஐப் பார்த்திருப்பார். நான் ரெண்டாமவர் பக்கம்.

வட்டத்தை 6 மி.மீ. ஆக்கினா 90 மைக்ரான்தான் போகும், 40க்குள்ள வந்துடும். ஆனா இருட்டுல கண் பாப்பா அதைவிட விரிஞ்சா, வண்டி லைட்டைச் சுத்தி வளையம் தெரியும்.

ஆப்டோம்_குமரி:
கணக்கு இருக்கட்டும், அந்த ஸ்கேனே செல்லாதுங்க. லென்ஸ் அழுத்தினதுல கார்னியாவோட வடிவம் மாறியிருக்கும். சாஃப்ட் லென்ஸை ரெண்டு வாரம் கழட்டி வெச்சுட்டு மறுபடி எடுங்க. (செமிசாஃப்ட்னா மூணு, நாலு வாரம்.) பவரையும் சொட்டு மருந்து விட்டு ஒரு தடவை பார்க்கணும். சின்ன வயசுல கண் தானா ஃபோகஸ் பண்ணி மைனஸைக் கூட்டிக் காட்டும்.

புது பிரிண்ட்ல நடு எண்ணைப் பார்க்காம, ரொம்ப மெல்லிய இடத்தோட எண்ணைப் பாருங்க. மேல போட்ட கணக்கு அதுக்குத்தான். அப்புறம் கார்னியாவோட கீழ்ப்பாதி மேல்பாதியை விடச் செங்குத்தா இருக்கா, பின்பக்கம் புடைப்பு இருக்கான்னு கேளுங்க. ரெண்டும் கெரட்டோகோனஸோட (கார்னியா மெலிஞ்சு கூம்பா புடைக்கிற நோய்) ஆரம்ப அடையாளம். அது இருந்தா 540 மைக்ரான் இருந்தாலும் லேசிக் கிடையாது. அலர்ஜி, கண்ணைக் கசக்கற பழக்கம், வீட்ல யாருக்காவது கெரட்டோகோனஸ், இதெல்லாம் டாக்டர் கேக்காட்டியும் நீங்களே சொல்லிடணும்.

தென்றல்22:
ரொம்ப நன்றிங்க. அவளுக்குக் கண் கசக்கற பழக்கம் நிறையவே உண்டு. ஃபிளாப் இல்லாத மத்த லேசர் முறைகள், ஸ்மைல், பி.ஆர்.கே. ஓகேவா?

விழித்திரை:
ஸ்மைல்ல ஃபிளாப் இல்லைங்கறது சரி. ஆனா உள்ளேயிருந்து எடுக்கிற சதை லேசிக்கை விடக் குறைவில்ல, சமயத்துல கொஞ்சம் கூடவே போகும். பி.ஆர்.கே.ல மேல் தோல் 50 மைக்ரான் போயி திரும்ப வளர்ந்துடும், அதனால அடியில நிறைய மிஞ்சும். ஆனா மூணு நாலு நாள் நல்ல வலி. 6க்கு மேல பவர்னா பின்னாடி மங்கல் படர வாய்ப்பு அதிகம், அதைத் தடுக்க மைட்டோமைசின்ங்கிற மருந்து வைப்பாங்க.

இந்தப் பவருக்கு ஐ.சி.எல். பத்தியும் கேளுங்க. கார்னியாவைச் செதுக்காம உள்ள லென்ஸ் வைக்கிறது. அதுக்கு முன் அறை (கார்னியாவுக்கும் கண்ணோட சொந்த லென்ஸுக்கும் நடுவுல இருக்கிற இடம்) ஆழம் 2.8 – 3 மி.மீ.யாவது வேணும், கார்னியா உள்படலச் செல் எண்ணிக்கையும் பார்ப்பாங்க. செலவு கூட.

எந்த முறைன்னாலும் கசக்கறதை முதல்ல நிறுத்தணும். அலர்ஜிக்கு மருந்து எடுக்காம லேசருக்குத் தேதி வாங்காதீங்க.

ஆப்டோம்_குமரி:
ரெண்டு சேர்க்கறேன். கண்ணீர் டெஸ்ட்ல காகிதம் அஞ்சு நிமிஷத்துல 5 மி.மீ.கூட நனையலைன்னா, முதல்ல வறட்சிக்கு வைத்தியம். முகப்பருவுக்கு ஐசோட்ரெடினாயின் மாத்திரை சாப்பிட்டா மறைக்காம சொல்லுங்க, அதுவும் கண்ணை வறட்டும்.

மைனஸ் 6க்கு மேலன்னா ரெட்டினா ஓரத்துல மெலிவு, ஓட்டை இருக்கலாம். கண் பாப்பாவைச் சொட்டு மருந்து விட்டு விரிச்சுப் பார்த்தாத்தான் தெரியும், லேசிக் பண்ணினாலும் அந்த அபாயம் போகாது. சொட்டு விட்டா நாலஞ்சு மணி நேரம் பக்கத்துல இருக்கறது மங்கலாத் தெரியும், வெயிலும் கூசும். அன்னிக்கு அவளை ஸ்கூட்டி எடுக்க விடாதீங்க, நீங்க கூடப் போங்க.