217 வர வேண்டிய இடத்தில் 188: கப் கலோரிமானி அனுபவங்கள்

தாமிரநீலம்:
தெர்மாகோல் கப்பில் வினையை நடத்தி அது தரும் சூட்டை அளப்பதுதான் கப் கலோரிமானி. 0.2 மோலார் (லிட்டருக்கு 0.2 மோல்) காப்பர் சல்ஃபேட் 50 மி.லி., தெர்மாகோல் கப், 2 கிராம் துத்தநாகப் பொடி. எல்லாருக்கும் தெரிந்த சோதனைதான். பாதரசம் 9.0 டிகிரி ஏறி, அரை நிமிடம் அசையாமல் நின்று, பிறகு இறங்கியது. நிறை × நீரின் தன்வெப்பம் × ஏற்றம்: 50 × 4.18 × 9.0 = 1881 ஜூல். 0.01 மோலால் வகுத்தால் மோலுக்கு 188 கிலோஜூல். புத்தகத்தில் 217.

அசையாமல் நின்ற அந்த அரை நிமிடம்தான் ஏமாற்றுகிறது. உள்ளே வினை இன்னும் முடியவில்லை. அது தரும் சூடும் கப் வெளியே விடும் சூடும் சமமாகிவிட்டன, அவ்வளவுதான். பொடி போடும் முன் 3 நிமிடம், போட்ட பின் 10 நிமிடம், அரை நிமிடத்துக்கு ஒருமுறை அளவு எடுத்து வரைபடம் போடுங்கள். இறங்கும் கோட்டைப் பொடி போட்ட நேரம்வரை பின்னால் நீட்டினால் ஏற்றம் 10.0. உடனே 209 வருகிறது.

பியூரெட்முனை:
கோடு நீட்டுவது எல்லாவற்றுக்கும் மருந்தில்லை சார். ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சோடியம் ஹைட்ராக்சைடும் கலந்த நொடியிலேயே வினை முடிந்துவிடும். 1 மோலார் கரைசல்கள், 50 மி.லி. வீதம். 6.8 டிகிரி ஏற வேண்டியது 6.1-இல் நின்றது, விடை மோலுக்கு 57 கிலோஜூலுக்குப் பதில் 51. எல்லாரும் கப்பைக் குறை சொன்னார்கள். காரத்தை ஆக்சாலிக் அமிலத்தோடு தரம் பார்த்தால் (உண்மைச் செறிவை அளந்தால்) 0.9 மோலார்தான்! நிறுக்கும்போதே ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் இழுத்துக்கொள்ளும் பொருள் அது. 2550 ஜூலை 0.05-க்குப் பதில் 0.045-ஆல் வகுத்தால் 56.7.

வெந்நீர்:
இருவருமே கப்பின் வெப்ப ஏற்புத்திறனைச் சேர்க்கவில்லையே? கப்பில் 28 டிகிரி நீர் 50 கிராம், அதில் 45 டிகிரி நீர் 50 கிராம். 36.5 வர வேண்டும், 36.3 வந்தால் கப்பும் தெர்மாமீட்டரும் சேர்ந்து டிகிரிக்கு 10 ஜூல் குடிக்கின்றன. துத்தநாகக் கணக்கில் சேர்த்தால் 209 என்பது 219 ஆகும். அந்த 36.3-இல் 0.1 டிகிரி பிசகினாலே விடை சுமார் 5 கிலோஜூல் மாறும்; எனவே 0.1 டிகிரிக் கோடுள்ள தெர்மாமீட்டர் இல்லாமல் இந்தத் திருத்தத்துக்குப் பொருளில்லை.

இன்னும் சில. அப்போதுதான் கரைத்த 1 மோலார் காரம் சுமார் 10 டிகிரி சூடேறியிருக்கும். அறை வெப்பத்துக்கு ஆறட்டும். துத்தநாகம் அடியில் தங்கிவிடும், கிளறுவதை நிறுத்தாதீர்கள், ஆனால் தெர்மாமீட்டரால் கிளற வேண்டாம், குமிழ் உடையும். கடைசியில் வடிகட்டிப் பாருங்கள். காப்பர் சல்ஃபேட்டின் நீலம் மிச்சமிருந்தால் துத்தநாகத்தின் மேல் தாமிரம் படிந்து வினை பாதியில் நின்றிருக்கிறது, 0.01 மோல் என்று வகுக்கவே கூடாது.

பியூரெட்முனை:
கப்பைச் சேர்த்தால் என் 56.7 என்பது 58 ஆகிவிடும் சார். உப்புக்கரைசலின் தன்வெப்பம் 4.18 அல்ல, 4.0-ஐ ஒட்டித்தான். கப்பைச் சேர்க்கிறவர் இதையும் சேர்த்தாக வேண்டும். ஒன்று கூட்டுவதை மற்றது ஏறக்குறையக் கழித்துவிடும்.