புரோகிராமிங் மொழியைத் தேர்ந்தெடுத்து மாட்டிக்கொண்ட கதைகள்: உங்களுடையதையும் சொல்லுங்கள்

அரைப்புள்ளி:
மூன்று வருஷமாகியும் உறுத்துகிறது. பிரவுசரில் ஓடும் முன்பக்கம், சர்வரில் ஓடும் பின்பக்கம் எல்லாம் ஒரே மொழியாக இருக்கட்டும் என்று, ஜாவாஸ்கிரிப்ட்டை சர்வரில் ஓட்டும் நோட்.ஜேஎஸ்ஸுக்காக வாதாடியவன் நான்தான். ஒரு வருஷம் ஒரு குறையும் இல்லை. அப்புறம் ஒரு மாதக் கடைசியில் கணக்குப் பிரிவில் யாரோ ஆண்டு அறிக்கையின் பொத்தானை அழுத்தினார். எட்டு லட்சம் வரிகளை எக்செல் ஆக்கும் வேலை. அந்த சர்வரில் லாகின் பக்கம்கூடத் திறக்கவில்லை. "உயிரோடு இருக்கிறாயா" என்று கேட்கும் ஹெல்த் செக்குக்குப் பதில் வராததால், சர்வர்களுக்கு வேலையைப் பிரித்துக் கொடுக்கும் லோட் பேலன்சர் அதைக் கழற்றிவிட்டது. அறிக்கை வரவில்லையே என்று அவர் மறுபடி அழுத்தினார். அடுத்த சர்வர். நான்கும் ஒவ்வொன்றாகச் சிவப்பாவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒற்றை த்ரெட், அதாவது நம் கோடில் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் ஓடும் என்று படித்ததெல்லாம் அன்றுதான் உறைத்தது.

நடுராத்திரி டெப்ளாய்:
எங்களுக்கு இரண்டு மொழி இருந்ததுதான் வினை. பின்பக்கம் ஜாவா, ஆர்டர் எண் 64 பிட் லாங். முன்பக்கம் ஜாவாஸ்கிரிப்ட். இரண்டுக்கும் நடுவே டேட்டா போகும் வடிவமான ஜேசனில் அதை எண்ணாகவே அனுப்பினோம். சப்போர்ட் ஊழியர் ஒருவர் ஆர்டரைத் திறந்து முகவரியை வாசிக்க, "அது என் வீடே இல்லையே" என்றார் வாடிக்கையாளர். பிரவுசரின் ஜாவாஸ்கிரிப்ட் கன்சோலில் 9007199254740993 என்று அடித்தேன். 9007199254740992 என்று திரும்பி வந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி அடித்தேன். அதேதான். 2-இன் 53-ஆம் அடுக்கைத் தாண்டியதும் ஒற்றைப்படை எண்கள் அங்கே நிற்பதில்லை. பாதி ஆர்டர்கள் சரியாகவே வந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எண்ணை ஸ்ட்ரிங்காக, அதாவது வெறும் எழுத்துகளாக அனுப்பியதும் தீர்ந்தது.

பழைய பிஎச்பிக்காரன்:
அரைப்புள்ளி, இதில் மொழி என்ன செய்யும்? அறிக்கையைக் காத்திருப்பு வரிசையான க்யூவில் போட்டு வேறு ப்ராசஸில் ஓட்டியிருக்க வேண்டும். நடுராத்திரி, அடுத்தவர் ஆர்டரைத் திறக்கவிட்டது ஜாவாஸ்கிரிப்ட்டா? பர்மிஷன் செக் எங்கே போச்சு?

என் கதை சின்னது. பைத்தானில் இருந்ததை ஐந்து மாதம் உட்கார்ந்து கோ மொழிக்கு மாற்றினோம். முதல் நாள், அதே பக்கம், அதே நான்கு விநாடி. டேட்டாபேஸ் டேபிளில், தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸ் இல்லை. அவ்வளவுதான்.

அதனால் சொல்கிறேன், மொழியை மாற்றும்முன் எங்கே நேரம் போகிறது என்று அளந்து பாருங்கள். இன்ஸ்டாகிராம் பைத்தானிலும் அதன் ஃப்ரேம்வொர்க்கான ஜாங்கோவிலும்தான் வளர்ந்தது. ஃபேஸ்புக் பிஎச்பியைத் தூக்கி எறியவில்லை. அதை சி++ ஆக மாற்றும் ஹிப்ஹாப்பை 2010-இல் வெளியிட்டது, 2014-இல் பிஎச்பியிலிருந்து பிறந்த ஹேக் மொழியைக் கொண்டுவந்தது. அரட்டைச் செயலியான டிஸ்கார்ட் 2020-இல் கோவிலிருந்து ரஸ்ட் மொழிக்குப் போனதாக எழுதியதை எல்லோரும் காட்டுவார்கள். அது ஒரே ஒரு சர்வீஸ். பயன்படாத மெமரியைத் துப்புரவு செய்யும் கோ மொழியின் கார்பேஜ் கலெக்டர் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஓடித் தாமதம் எகிறியதை அளந்து பார்த்துவிட்டுத்தான் மாற்றினார்கள். நீங்கள் அளந்தீர்களா? டைப் செக், லாக் பதிவு, டேட்டாபேஸ், கேஷ், இதையெல்லாம் முதலில் ஒழுங்குபடுத்துங்கள்.

நடுராத்திரி டெப்ளாய்:
ஐயா, அது சப்போர்ட் திரை. எல்லா ஆர்டரையும் பார்க்க அவர்களுக்கு உரிமை உண்டு. இன்னொரு முறை படியுங்கள்.

ஒற்றை ஆள் டீம்:
பிஎச்பிக்காரரே, நீங்கள் சொன்ன கம்பெனிகளிடம் மொழியையே திருத்தி எழுத ஆள் இருக்கிறது. வாட்ஸ்அப் எர்லாங்கில் ஓடுகிறது என்ற ஒரே காரணத்துக்காக நாங்கள் எர்லாங்கின் மெஷினிலேயே ஓடும் எலிக்சிர் மொழியை எடுத்தோம். அது நன்றாகத் தெரிந்தவர் ஒருவர்தான், அவரும் போய்விட்டார். ஒரு நாள் ஒரே மெயில் ஒரே வாடிக்கையாளருக்குப் போய்க்கொண்டே இருந்தது. மெயிலை அனுப்பிவிட்டு, "அனுப்பியாயிற்று" என்று குறிப்பதற்குள் ப்ராசஸ் விழுகிறது, விழுந்ததை மறுபடி ஓடவைக்கும் சூப்பர்வைசர் என்ற ப்ரோக்ராம் எழுப்பிவிடுகிறது, மறுபடி மெயில். வழக்கமான அமைப்பில் 5 விநாடிக்குள் 3 முறைக்கு மேல் விழுந்தால்தான் சூப்பர்வைசர் கைவிடும். எங்களுடையது 10 விநாடிக்கு ஒருமுறை நிதானமாக விழுந்துகொண்டிருந்தது. போனவரையே கூப்பிட்டேன். கேட்டுவிட்டுச் சிரித்தார். "சூப்பர்வைசர் அதன் வேலையைச் சரியாகத்தானே செய்கிறது" என்றார்.