சூடானால் நின்றுவிடும் அம்பாசிடர்: காயில்தானா?

சின்னாளப்பட்டி_மார்க்4

வணக்கம். எங்கள் வண்டி 1988 அம்பாசிடர் மார்க் 4, பெட்ரோல், பழைய 1489 சிசி இன்ஜின். 1996-இல் அப்பா செகண்ட் ஹேண்டில் வாங்கியது. இன்றைக்கும் அவர் வேறு காரில் ஏறினால் முகம் சுருங்கிவிடும்.

காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகிறது. முக்கால் மணி நேரம் நன்றாக ஓடும். அப்புறம் மிஸ் அடிக்க ஆரம்பித்து, ஏற்றத்தில் இழுக்காமல், பத்து நிமிடத்தில் நின்றுவிடும். பானட்டைத் திறந்து அரை மணி நேரம் விட்டால் ஒன்றும் நடக்காதது போல மறுபடி ஸ்டார்ட் ஆகும். போன மாதம் கொடைக்கானல் ஏறும்போது டம்டம் பாறைக்குக் கொஞ்சம் முன்னால் நின்றது. 78 வயது அப்பா ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

பிளக் நான்கும் மாற்றியாயிற்று, கார்புரேட்டர் கழற்றிச் சுத்தம் செய்தாயிற்று, பெட்ரோல் பம்ப்புக்கு கிட் போட்டாயிற்று. இதுவரை 4,800 ரூபாய். இப்போது மெக்கானிக், பிளக்குக்குப் பொறி தரும் "காயிலாக இருக்கும்" என்கிறார். கடையில் கேட்டால், 12 வோல்ட் காயில் எதுவானாலும் சரி என்று ஒன்றை எடுத்து நீட்டுகிறார்கள். அதன் மேல் "பாலஸ்ட் ரெசிஸ்டருடன் பயன்படுத்தவும்" என்று போட்டிருக்கிறது. வாங்கலாமா? நானே மாற்ற முடியுமா? கையில் சாதாரண மல்டிமீட்டர் இருக்கிறது.

மேட்டுப்பாளையம்_டிரைவர்

மலை ஏறும்போது நின்றால் முதலில் பெட்ரோலைச் சந்தேகப்படுங்கள். இன்ஜின் சூட்டில் பம்ப்பிலேயே பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்ளும். அடுத்த முறை நின்றதும் பம்ப் மேல் ஈரத்துணியைப் போடுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் ஸ்டார்ட் ஆனால் காயில் மேல் பழி இல்லை.

திருச்சி_ஆட்டோ_எலக்ட்ரிக்

தம்பி, 31 வருடம் இந்த வேலைதான் பார்த்தேன். இப்போது கடையைப் பையனிடம் கொடுத்துவிட்டேன். நீங்கள் செலவழித்த 4,800 ரூபாயைப் படித்ததும் மனது கஷ்டமாகிவிட்டது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வண்டி நின்று கிடக்கும் அந்த அரை மணி நேரத்தில்தான் நோயைக் கண்டுபிடிக்க முடியும். ஷெட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்போது காயில் ஆறி நல்ல பிள்ளையாகிவிடுகிறது. மெக்கானிக் எதைச் சோதித்தாலும் சரியாகத்தான் காட்டும். அதனால் மீட்டரையும் ஒரு புது கண்டன்சரையும் வண்டியில் வைத்துக்கொண்டு, வீட்டுப் பக்கத்திலேயே நிற்கும் வரை ஓட்டுங்கள். அப்பாவைக் கூட்டிப்போக வேண்டாம்.

நின்றவுடன், பொறியை நான்கு பிளக்குக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பின் நடுவில் இருக்கும் தடித்த ஒயரைப் பிடுங்குங்கள். பிளாஸ்டிக் கைப்பிடி போட்ட பிளையரால் பிடித்து, அதன் நுனியை இன்ஜின் பிளாக்கிலிருந்து 6 மி.மீ. தள்ளி வைத்து, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். நீலமாக, 'டப் டப்' என்று சத்தத்தோடு பாய்ந்தால் காயில் பிழைத்தது, நண்பர் சொன்ன பெட்ரோல் பக்கம் போங்கள். மஞ்சளாக, நூல் மாதிரி வந்தால், அல்லது வராமலே போனால், கோளாறு கரண்ட் பக்கம். அந்த ஒயரை வெறும் கையால் தொடாதீர்கள், பக்கத்தில் பெட்ரோல் கசிவு இருந்தால் இந்தச் சோதனையே செய்யாதீர்கள்.

உடனே காயிலை முடிவு கட்டிவிடாதீர்கள். சூட்டில் செத்து, ஆறினால் உயிர்பெறும் குணம் கண்டன்சருக்கும் உண்டு. காயில் வேலை செய்வதே, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் சின்ன ஸ்விட்சான பாயிண்ட் திறக்கும் நொடியில்தான். பாயிண்ட் ஒட்டியிருக்கும்போது உள்ளே காந்தப்புலம் சேர்கிறது. திறந்ததும் அது சட்டென்று சரிந்து, சில நூறு சுற்று கம்பியில் இருந்தது பல ஆயிரம் சுற்று கம்பியில் பல ஆயிரம் வோல்ட்டாகப் பாய்கிறது. அந்த நொடியில் பாயிண்டில் பொறி பறக்காமல் தடுப்பது கண்டன்சர். அது போய்விட்டால் நல்ல காயிலும் மஞ்சள் பொறிதான் கொடுக்கும். இதற்கு ஒரு ஸ்க்ரூ, ஒரு ஒயர், அவ்வளவுதான். முதலில் அதை மாற்றி மறுபடி பாருங்கள்.

அப்புறமும் வரவில்லை என்றால், சாவியை அணைத்துவிட்டு, காயிலின் ஒயர்களைக் கழற்றிச் சூட்டோடு அளக்க வேண்டும். இரண்டு சின்ன முனைகளுக்கு நடுவில் சுமார் 3 ஓம். மீட்டரின் இரண்டு கம்பிகளையும் முதலில் ஒன்றோடொன்று தொட்டு, காட்டும் எண்ணைக் கழித்துவிடுங்கள். மலிவு மீட்டரில் அதுவே அரை ஓம் வரை வரும். பிறகு நடு ஓட்டைக்கும் ஏதாவது ஒரு சின்ன முனைக்கும் நடுவில் 6 முதல் 10 கிலோ ஓம் வரை இருக்கலாம். சூட்டில் எண் கொஞ்சம் கூடும், செம்புக்கு 50 டிகிரி ஏறினால் 20 சதவீதம் கூடத்தான் செய்யும். 3 என்பது 3.6 ஆனால் பயப்படாதீர்கள். எண்ணே காணாமல் போனால்தான் கம்பி உள்ளே விட்டுப்போயிருக்கிறது.

கடைக்காரர் நீட்டிய காயிலை வாங்காதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். பாலஸ்ட் காயில் என்றால் உள்ளே 1.5 ஓம்தான் இருக்கும். மீதி ரெசிஸ்டன்ஸ் வெளியே தனியாக இருக்க வேண்டும், உங்கள் வண்டியில் அது கிடையாது. 3 ஓம் காயிலில் 4 ஆம்பியர் ஓடும் இடத்தில் இதில் 8 ஆம்பியர் ஓடும். பாயிண்ட் கருகும், காயிலும் கொதிக்கும். கடைக்கு மீட்டரைக் கொண்டுபோய், அளந்து, 3 ஓம் காட்டுவதை மட்டும் வாங்குங்கள். அட்டைப் பெட்டியில் இருப்பதை நம்ப வேண்டாம்.

கோவை_பத்மினி

ஐயா சொன்னது நூற்றுக்கு நூறு. என் பத்மினியில் தெரியாமல் 1.5 ஓம் காயில் மாட்டினேன். முதல் வாரம் வண்டி பறந்தது, பிரமாதமான காயில் என்று எல்லாரிடமும் சொன்னேன். ஏழாவது வாரம் பாயிண்டில் ஒரு பக்கம் குழி, எதிர்ப்பக்கம் மேடு. காயிலைத் தொட முடியாத சூடு.

காரைக்குடி_ஆச்சி_பேத்தி

எங்கள் ஐயா வைத்துவிட்டுப் போன அம்பாசிடரில் ஒரே வருடத்தில் இரண்டு காயில் போனது. வண்டி ஓடுவதே மாதம் இரண்டு முறை. எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, பிள்ளைகள் ரேடியோ கேட்க வண்டியில் உட்கார்ந்து, இன்ஜின் ஓடாமல் சாவியை மட்டும் போட்டு வைக்கிறார்கள் என்று. சின்னாளப்பட்டி அண்ணன் வீட்டிலும் இதைக் கொஞ்சம் விசாரியுங்கள்.

திருச்சி_ஆட்டோ_எலக்ட்ரிக்

நன்றாகப் பிடித்தீர்கள் அம்மா. இன்ஜின் நிற்கும்போது பாயிண்ட் ஒட்டிய நிலையில் இருந்தால், சாவி போட்டிருக்கும் நேரமெல்லாம் காயிலில் விடாமல் 4 ஆம்பியர் ஓடும். கிட்டத்தட்ட 50 வாட் சூடு, அந்தச் சின்ன டப்பாவுக்குள். ரேடியோவுக்குச் சாவி வழியாக வராமல் தனி ஃபியூஸ் போட்டு லைன் கொடுத்துவிடுங்கள்.

சின்னாளப்பட்டி_மார்க்4

ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டேன். செம்பட்டி ரோட்டில் போய்த் திரும்பி, போய்த் திரும்பி, 52-ஆவது நிமிடத்தில் நின்றது. நின்றதற்கு முதல் முறையாகச் சந்தோஷப்பட்டேன்.

ஈரத்துணி போட்டுப் பத்து நிமிடம் பார்த்தேன், மாற்றமில்லை. நடு ஒயரில் பொறி மஞ்சளாக வந்தது. 2 மி.மீ. கிட்டக் கொண்டுபோனால் தாவும், 6 மி.மீ.-இல் தாவவில்லை. கண்டன்சர் மாற்றினேன், அதே மஞ்சள். காயிலை வெறும் கையால் தொட முடியவில்லை, துணி சுற்றித்தான் ஒயரைக் கழற்றினேன்.

கம்பியின் எண்ணைக் கழித்த பிறகு சின்ன முனைகளுக்கு நடுவில் 3.7 ஓம். நடு ஓட்டைக்கு அளந்தபோது மீட்டரின் இடது ஓரத்தில் வெறும் 1 மட்டும் நின்றது, அதாவது அளவே கிடைக்கவில்லை. அரை மணி நேரம் கழித்து அதே இடத்தில் 7.8 கிலோ ஓம்! கண் முன்னாலேயே எண் திரும்பி வந்ததை அப்பாவிடம் ஓடிப்போய்க் காட்டினேன்.

திங்கட்கிழமை திண்டுக்கல்லில் மூன்று கடை ஏறினேன். மூன்றாவது கடையில் அளந்து பார்த்ததில் 3.1 ஓம், அதை வாங்கி வந்துவிட்டேன். ஒரு சந்தேகம் மட்டும். பழைய காயிலில் முனைகளில் எஸ்.டபிள்யூ., சி.பி. என்று இருக்கிறது. புதியதில் பிளஸ், மைனஸ். எது எதற்கு?

திருச்சி_ஆட்டோ_எலக்ட்ரிக்

பேட்டரியின் எந்த முனை பாடியில் எர்த் ஆகியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். மைனஸ் எர்த் என்றால், சாவியிலிருந்து வரும் ஒயர் பிளஸ்ஸுக்கு, டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் ஒயர் மைனஸுக்கு. எஸ்.டபிள்யூ. என்பது சாவிப் பக்கம், சி.பி. என்பது பாயிண்ட் பக்கம். அந்த எழுத்துகள் பிளஸ் எர்த் இருந்த காலத்து வழக்கம். மாற்றி மாட்டினாலும் வண்டி ஓடும், ஆனால் பிளக்கில் பொறி தலைகீழாகத் தாவும், அதற்கு வோல்டேஜ் கூடுதலாகத் தேவைப்படும். ஏற்றத்தில்தான் அது தெரியும்.

பேட்டரி எர்த்தைக் கழற்றிவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். கிளாம்ப் உட்காரும் இடத்தில் துருவைச் சுரண்டிவிட்டு இறுக்கமாகப் பிடியுங்கள், காயிலின் சூடு கொஞ்சம் அந்த வழியாகவும் இறங்கும். தடித்த ஒயரின் நுனி பச்சை பூத்திருந்தால் அதையும் மாற்றுங்கள். கையோடு பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ., பிளக் 0.6 மி.மீ. இருக்கிறதா என்று ஃபீலர் கேஜில் பார்த்துவிடுங்கள்.

சின்னாளப்பட்டி_மார்க்4

மைனஸ் எர்த்தான். நீங்கள் சொன்னபடியே மாட்டினேன் ஐயா, 40 நிமிட வேலை. தடித்த ஒயரின் உள்ளே பச்சை பூத்திருந்தது, அதையும் மாற்றிவிட்டேன். நேற்று ஒட்டன்சத்திரம் வழியாகப் பழனி போய், மலையடிவாரத்தில் அப்பா டீ குடிக்கும் நேரம் மட்டும் நிறுத்தி, உடனே கிளம்பித் திரும்பி வந்தோம். வெயில் நேரத்தில் ஒரு மிஸ் கூட இல்லை. வரும்போது ஒட்டன்சத்திரத்திலிருந்து வீடு வரை அப்பாதான் ஓட்டினார்.