புதுப்பிப்பு: டிரிங்கோமலியின் பின்புறச் சட்டங்கள் நேராகிவிட்டன

போன மாதம் இங்கே எழுதியது: எச்.எம்.எஸ். டிரிங்கோமலி என்ற பழைய பிரிட்டிஷ் பாய்மரப் போர்க்கப்பலின் 64-இல் ஒரு பங்கு மாதிரியில் பின்புறச் சட்டங்களை (கப்பலின் பின்சுவருக்கு எலும்புக்கூடாக நிற்கும் மரத்துண்டுகளை) ஒட்டிய பிறகு, ஓரத்தில் இருந்த இரண்டும் வெளியே பிதுங்கி நின்றன; பக்கப் பலகை அவற்றோடு சேரவில்லை.

காரணம் பிடிபட்டது. எல்லாவற்றையும் ஒன்றுக்கொன்று இணையாக, செங்குத்தாக நிறுத்தியிருந்தேன். கப்பலின் பக்கச் சுவர் மேலே போகப்போக உள்வாங்குகிறது. அதனால் நடுச்சட்டம் மட்டுமே நேராக நிற்கும். ஓரத்துக்குப் போகப்போக ஒவ்வொன்றும் இன்னும் கொஞ்சம் உள்பக்கம் சாய வேண்டும். இதோடு எல்லாமே பின்னோக்கியும் சாய்ந்திருக்கும். சன்னல்கள் சட்டங்களுக்கு நடுவில்தான் வருகின்றன, ஆகவே இங்கே அரை மில்லிமீட்டர் பிசகினாலும் கண்ணில் குத்தும்.

வெள்ளைப் பசைதான் என்பதால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தூரிகையால் தடவினேன், மூட்டுகள் இளகிவிட்டன. அப்புறம் வரைபடத்தில் கப்பலின் பின்புறத் தோற்றம் உள்ள பகுதியை அட்டையில் ஒட்டி, ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒரு பள்ளம் வெட்டி, அதில் நிறுத்தியே மறுபடி ஒட்டினேன். சன்னல் அளவுக்கு அறுத்த மரக்கட்டைகளை இடையில் செருகியது பெரிய உதவி. இப்போது மெல்லிய பட்டையை வளைத்து வைத்தால் எல்லாச் சட்டங்களையும் தொடுகிறது!

எந்தக் காலத்துத் தோற்றம் என்று கேட்டிருந்தீர்கள். பம்பாயில் கப்பல் கட்டும் தொழில் செய்த வாடியா குடும்பத்தார் தேக்கில் கட்டி 1817-இல் நீரில் இறக்கிய வடிவம். 1840-களில் பின்புறத்தை மாற்றிவிட்டார்கள்; இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் இன்று நிற்கும் கப்பலின் படங்களை இதற்கு அப்படியே பின்பற்ற முடியாது. திருகோணமலையின் பெயர் தாங்கிய கப்பல், முதல் உருவத்திலேயே என் மேசையில் நிற்க வேண்டும் என்று ஆசை.

அடுத்தது பக்கவாட்டு மாடங்கள், அதாவது பின்புறத்தின் இரு பக்கமும் வெளியே நீட்டி நிற்கும் சன்னல் வைத்த சிறு அறைகள்.